வெப்ப நாட்டுக்கு ஏற்ற காந்தம்: கையடக்க நோயறி கருவிகளின் உள்ளே

பினாங்கின் பெரிய மருத்துவமனை ஒன்றில் தைராய்டுக்காகவோ கல்லீரல் அழற்சிக்காகவோ எடுக்கப்படும் இரத்தம், ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் பெரும்பாலும் ஒரு காந்தத்தின் பக்கத்தில் சற்று நேரம் நிற்கிறது. நோயாளிக்கு இது தெரிவதில்லை, மருத்துவரும் இதைப் பற்றி நினைப்பதில்லை. தேடப்படும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பூசிய நுண்ணிய காந்தத் துகள்களை இரத்தச் சீரத்தோடு கலந்து, காந்தத்தால் அவற்றைக் கலனின் ஓரத்துக்கு இழுத்து நிறுத்தி, மற்றதையெல்லாம் கழுவி அகற்றிவிட்டு, துகளோடு ஒட்டி நிற்பதை மட்டும் அளப்பதுதான் இன்றைய தானியங்கி இரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் பலவற்றின் வேலைமுறை. கோவிட் காலத்தில் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் இருந்து வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கவும் இதே முறைதான் பெருமளவில் கைகொடுத்தது.

ஆகவே மருத்துவப் பரிசோதனைக்குள் காந்தம் நுழைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது எழுந்துள்ள கேள்வி, அதை ஆய்வுக்கூடத்தின் குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்து, கெடாவின் பாலிங் ஊர்ப் பக்கத்துத் தோட்டக் கிளினிக்குக்கோ, சரவாக்கின் ராஜாங் ஆற்றோரம் உள்ள நீள்வீட்டுக் குடியிருப்புக்கோ ஒருவர் கையில் தூக்கிச் செல்லும் பெட்டிக்குள் எப்படி அடக்குவது என்பதாகும். இந்தக் கேள்விக்குப் பினாங்கில் தனி எடை உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தடையற்ற வாணிப மண்டலம், மின்னணு உற்பத்தியோடு நிற்காமல், ஹார்ட் டிஸ்க் பாகங்கள், சோதனை இயந்திரங்கள், பி. பிரவுன் போன்ற நிறுவனங்களின் மருத்துவச் சாதனங்கள் என்று விரிந்திருக்கிறது. அந்தத் தொழிற்சாலைகளில் இரண்டு தலைமுறையாக வேலை பார்த்த தமிழ்த் தொழில்நுட்பர்களும் பொறியாளர்களும் இல்லாத குடும்பம் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் குறைவு. அவர்களிடம் காந்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை காஸ்?" என்பதுதான்; காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு அது. கையடக்கப் பரிசோதனைக் கருவியைப் பொறுத்தவரை அதைக் கடைசியாகக் கேட்பதே முறை என்பது என் கருத்து. இந்தக் காந்தத்திடம் நாம் எந்த வேலையை ஒப்படைக்கிறோம் என்பதும், அந்த வேலை நம் ஊர் வெக்கையில் எத்தனை நாள் பிசகாமல் நடக்கும் என்பதும் அதற்கு முன்பே முடிவாக வேண்டியவை.

இழுக்கும் வேலையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு துகளின் மீது காந்தம் செலுத்தும் விசை, புலத்தின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு அந்தப் புலம் எவ்வளவு செங்குத்தாகக் குறைகிறது என்பதையும் பொறுத்தது. எங்கும் ஒரே அளவாக இருக்கும் புலத்துக்குள் துகளை வைத்தால் அது காந்தமாகும், ஆனால் எந்தப் பக்கமும் நகராது. பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண நியோடிமியம் கனசதுரக் காந்தம் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தால், அதன் முகத்தின் நடுவில் புலம் ஏறத்தாழ 0.57 டெஸ்லா இருக்கும் (ஒரு டெஸ்லா என்பது 10,000 காஸ்). 5 மில்லிமீட்டர் விலகினால் 0.17 டெஸ்லாவாகவும், 10 மில்லிமீட்டர் விலகினால் வெறும் 0.06 டெஸ்லாவாகவும் இறங்கிவிடும். விசையோ அதைவிட வேகமாகச் சரியும். அதனால் காந்தத்தைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் கலனின் சுவரை மெலிதாக்கி, காந்தத்தை ஒரு மில்லிமீட்டர் நெருக்கமாகக் கொண்டுவருவது பெரும்பாலும் கூடுதல் பலன் தரும். பெட்டியின் எடையும் அதில் மிச்சம். சிறு காந்தங்களை வடக்கும் தெற்குமாக மாற்றி மாற்றி வரிசையாக அடுக்கினால், தொலைவில் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, முகத்தருகே மட்டும் மிகச் செங்குத்தான சரிவு கிடைக்கும். மெல்லிய கால்வாய்களில் திரவம் ஓடும் பிளாஸ்டிக் அட்டைகளுக்கு இந்த அடுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இதை அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். பழுப்பு நிறத் துகள்கள் கலந்த திரவம் கலங்கிய தேநீர் போல இருக்கும். காந்தத்தைக் கலனின் பக்கவாட்டில் கொண்டுவந்தவுடன், சுவரில் முதலில் ஒரு நிழல் விழுந்தாற்போல் தெரிந்து, அரை நிமிடத்துக்குள் அது அடர்ந்த பட்டையாகத் திரண்டு, நடுவில் உள்ள திரவம் தெளிந்துவிடும். காந்தத்தை விலக்கியதும் அந்தப் பட்டை குலைந்து மறுபடி திரவத்தில் கலக்க வேண்டும். நார்வேயைச் சேர்ந்த யோன் உகெல்ஸ்டாட் 1970களில் ஒரே அளவான பாலிமர் மணிகளைச் செய்யும் வழியைக் கண்டபின் புழக்கத்துக்கு வந்த துகள்களின் சிறப்பு அதுதான். அந்த மணிகளுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடுப் பொடிகள் மிகச் சிறியவையாதலால், வெளிப்புலம் இருக்கும்வரை மட்டும் காந்தமாக நடந்துகொண்டு, அது நீங்கியவுடன் காந்தத்தன்மையை விட்டுவிடுகின்றன. வடிவமைப்பாளருக்கு இங்கே வரும் தொல்லை வேறு. கலனின் மூலையில் புலம் எட்டாத இடம் சிறிதளவு இருந்தாலும் அங்கே ஒதுங்கும் துகள்கள் கழுவலில் போய்விடும், அளவீடு குறைவாக வரும். மாறாக விசை மிகுந்துவிட்டால், துகள்கள் சுவரோடு அழுந்திக் கட்டியாகி, பின்னர் எத்தனை முறை குலுக்கினாலும் முழுமையாகப் பிரிவதில்லை. வலிமை கூடக்கூட நல்லது என்ற எண்ணம் இந்த மிக எளிய பயன்பாட்டிலேயே உடைந்துபோகிறது.

துகள்களை இழுத்து நிறுத்திய பிறகு அவற்றை எண்ணுவதற்கும் காந்தவழி ஒன்று உண்டு. ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் 1988இல் கண்டறிந்து, 2007இல் நோபல் பரிசு பெற்ற பெருங்காந்தத் தடை விளைவை (காந்தப் புலம் சற்று மாறினாலும் மின்தடை பெரிதும் மாறுவதை) பயன்படுத்தும் உணரிகள், ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் தலையில் புகுந்து உலகெங்கும் பரவியவை. அதே உணரியின் மேல் எதிர்ப்பொருளை ஒட்டவைத்தால், அதில் வந்து தங்கும் காந்தத் துகள்களின் மிகச் சிறிய புலத்தை மின்தடை மாற்றமாகப் படிக்கலாம். இதற்குத் தேவைப்படும் வெளிப்புலம் மிகக் குறைவு என்பதால் காந்தமும் சிறியதாகவே போதும். ஹார்ட் டிஸ்க் பாகங்களில் கைதேர்ந்த ஊருக்கு இது அந்நியமான தொழில்நுட்பம் அல்ல என்பதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. அங்கே காந்தம் எதையும் இழுப்பதில்லை. நீரில் உள்ள புரோட்டான்களின் அசைவைக் கேட்பதற்கான களத்தை அமைத்துத் தருகிறது. நீர் மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டான், காந்தப் புலத்துக்குள் இருக்கும்போது அந்தப் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதமான அதிர்வெண்ணில் சுழல்கிறது. 1 டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்பது கணக்கு. அதே அதிர்வெண்ணில் ஒரு ரேடியோத் துடிப்பைச் செலுத்தினால் கோடானுகோடிப் புரோட்டான்கள் ஒருசேரச் சுழன்று, மாதிரியைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் சிறு மின்னழுத்தத்தை எழுப்பும். பிறகு அந்த ஒழுங்கு குலைந்து சமிக்ஞை அடங்கிவிடும். அடங்குவதற்கு ஆகும் காலத்தைத் தளர்வு நேரம் என்கிறோம். நோய்க்கிருமியின் டி.என்.ஏ.வோ புரதமோ காந்தத் துகள்களை ஒன்றோடொன்று கட்டி வைத்துவிட்டால், சுற்றியுள்ள நீரின் தளர்வு நேரம் மாறும். கிருமி இருக்கிறதா என்ற கேள்வி, எத்தனை மில்லிவினாடியில் சமிக்ஞை அடங்கியது என்ற கேள்வியாக உருமாறிவிடுகிறது. ஒளியால் அளக்கும் முறைகளுக்கு இரத்தத்தின் சிவப்பு நிறம் பெரிய இடைஞ்சல். இந்த முறைக்கோ இரத்தம் சிவப்பாக இருந்தால் என்ன, கலங்கலாக இருந்தால் என்ன, அந்தக் கவலை இல்லை. 2014இல் அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்ற டி2கேண்டிடா என்ற பரிசோதனை, இரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் நாள்கணக்கில் வைத்துக் காத்திராமல், சில மணி நேரத்திலேயே கேண்டிடா பூஞ்சையைக் கண்டுபிடித்தது இந்த வழியில்தான்.

சோதனைக்குழாயைச் சுற்றிப் பல டன் எடையுள்ள மீக்கடத்துக் காந்தம் இல்லாமல் இது எப்படிச் சாத்தியமாகிறது? விடையின் பெரும்பகுதி காந்தத்திலேயே இல்லை என்பதுதான் வியப்பு. மலிவான சிறு காந்தத்தின் புலம் இடத்துக்கு இடம் மாறும், ஆகையால் ஒவ்வொரு புரோட்டானும் சற்று வேறான வேகத்தில் சுழன்று, சமிக்ஞை உண்மையான தளர்வு நேரத்துக்கு வெகுமுன்பே கலைந்துவிடும். எர்வின் ஹான் 1950இல் கண்ட எதிரொலி முறை இதற்கு மருந்தாயிற்று. இடையில் இன்னொரு துடிப்பைக் கொடுத்தால், முந்திப்போன புரோட்டான்கள் பின்தங்கியவையாக மாறி, மீண்டும் ஒன்றுகூடும் கணத்தில் சமிக்ஞை திரும்ப எழும். அதைத் தொடர் துடிப்புகளாக 1954இல் கார், பர்செல் இருவரும் விரித்தனர். 1958இல் மெய்பூமும் கில்லும் துடிப்புப் பிழைகள் சேராதவாறு அதைத் திருத்தினர். இந்தத் தொடரைப் பயன்படுத்தினால், புலத்தின் நிலையான சீரின்மை பெருமளவு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எஞ்சுவது, அளவீட்டின்போது நீர் மூலக்கூறுகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதால் வரும் இழப்பு. எதிரொலிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைச் சுருக்கினால் அதுவும் கட்டுக்குள் வரும். துடிப்பு வரிசையில் செய்யும் கெட்டிக்காரத்தனத்தால் காந்தத்தில் எவ்வளவு கரடுமுரடைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதே இந்தத் துறையின் உயிர்நாடி. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழுவினர் 2008இல் இத்தகைய சிறு கருவியை வெளியிட்டதும், ஹார்வர்டில் டான்ஹி ஹாமின் குழுவினர் சிப் ஒன்றில் மின்னணுவியலை அடக்கி உள்ளங்கையில் வைக்கக்கூடிய கருவி வரை போனதும் இந்தப் புரிதலின் பலத்தில்தான்.

நம் வட்டாரத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மலேரியா. ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் டயா காந்தப் பொருள் (காந்தத்தால் மிக மெல்ல விலக்கப்படுவது) என்பதையும், ஆக்சிஜனை இழந்தது பாரா காந்தப் பொருள் (மெல்ல ஈர்க்கப்படுவது) என்பதையும் 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் காட்டியிருந்தார்கள். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்று, தனக்கு நஞ்சான எச்சத்தை ஹீமோசோயின் என்ற படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. அந்தப் படிகத்தின் இரும்பு பாரா காந்தத் தன்மை உடையது. ஆகவே எந்தத் துகளையும் கலக்காமல், நோயாளியின் சிவப்பணுக்களை மட்டும் சிறு காந்தத்துக்குள் வைத்துத் தளர்வு நேரத்தை அளந்தே நோயை அறியலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் நடத்தும் கூட்டாய்வு மையத்தினர் 2014இல் காட்டினர். சரவாக்கின் காப்பிட்டில் குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா பெரிய எண்ணிக்கையில் இருப்பதைப் பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளிப்படுத்தியபோது, நுண்ணோக்கியில் அது வேறொரு மலேரியா வகையாகத் தவறாக எண்ணப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தது. மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியாவைப் பெரும்பாலும் ஒழித்துவிட்ட நாட்டில் இன்று மிஞ்சியிருப்பது இதுதான். அப்படியானால் காந்தக் கருவி நுண்ணோக்கியின் இடத்தைப் பிடித்துவிடுமா? என் கணிப்பு, அவ்வளவு எளிதில் பிடிக்காது. ஒட்டுண்ணியின் இளம் வளையப் பருவத்தில் ஹீமோசோயின் மிகக் குறைவு. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறினாலும், இரத்தசோகை இருந்தாலும் தளர்வு நேரம் மாறிவிடும். அதோடு, இருக்கிறது என்று சொல்லும் கருவி, எந்த வகை என்று சொல்வதில்லை.

இத்தகைய கருவிக்கு வேண்டிய புலத்தை எப்படி அமைப்பது என்ற இடத்தில் ஹால்பாக் உருளை வருகிறது. காந்தங்களைக் குறிப்பிட்ட ஒழுங்கில் திருப்பி அடுக்கினால் புலம் ஒரு பக்கத்தில் மட்டும் திரளும் என்பதை 1973இல் ஜான் மாலின்சன் கவனித்தார். துகள் முடுக்கிகளுக்காக 1980 வாக்கில் கிளாஸ் ஹால்பாக் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். வளையமாக அடுக்கிய காந்தத் துண்டுகளில், சுற்றிவரும்போது ஒவ்வொன்றின் காந்தத் திசையும் அதன் இருப்பிடக் கோணத்தைப் போல இருமடங்கு திரும்பியிருக்க வேண்டும். அப்போது உள்ளே சீரான புலமும் வெளியே ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையும் உண்டாகும். உட்புலத்தின் அளவு, காந்தப் பொருளின் தேக்குத்திறனை (வெளிப்புலம் நீங்கிய பிறகும் பொருள் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் காந்தத்தின் அளவை), வெளி ஆரத்துக்கும் உள் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் வருவது.

இந்த மடக்கைதான் பேராசைக்குக் கடிவாளம். உள் ஆரம் 10 மில்லிமீட்டர், வெளி ஆரம் 20 மில்லிமீட்டர், நீளம் 40 மில்லிமீட்டர் என்று வைத்து, தேக்குத்திறன் 1.3 டெஸ்லா உள்ள பொருளில் செய்தால், கோட்பாட்டளவில் 0.9 டெஸ்லா கிடைக்கும். காந்தத்தின் எடை சுமார் 280 கிராம். எட்டுத் துண்டுகளாக வெட்டிச் செய்வதால் அதில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், உருளை குட்டையாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். சரி, புலத்தை இருமடங்காக்குவோம் என்று வெளி ஆரத்தை 40 மில்லிமீட்டராக உயர்த்தினால், எடை ஐந்து மடங்காகி 1.4 கிலோகிராமைத் தொடும். அதற்குப் பதிலாக மாதிரிக் குழாயை மெலிதாக்கி உள் ஆரத்தைப் பாதியாக்கினால் அதே விகிதம் மிகக் குறைந்த எடையில் கிடைத்துவிடும். குழாய் மெலிந்தால் மாதிரியின் அளவு குறைந்து சமிக்ஞையும் குறையும் என்பது உண்மையே. ஆனால் விரல்நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்துக்கு அது தானே பொருந்தும். புலம் பாதியானால் சமிக்ஞை நான்கில் ஒரு பங்காகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வடிவமைப்பாளர் இந்த இழுபறிக்குள்தான் தன் எண்ணைத் தேடுகிறார்.

வெளியே புலம் கசியாத தன்மை சாதாரணச் சௌகரியம் அன்று. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்காக நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்படும் எல்லை 5 காஸ், அதாவது 0.5 மில்லிடெஸ்லா. அந்த எல்லைக்கோடு பெட்டியின் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். விமானச் சரக்கின் விதிகளோ அதைவிடப் பன்மடங்கு கறாரானவை. பொதியிலிருந்து 2.1 மீட்டர் தொலைவில் 0.002 காஸுக்கு மேல் புலம் இருந்தால், அது காந்தப் பொருளாகக் கருதப்பட்டு, தனி விதிகளுக்கு உட்படும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து கூச்சிங்குக்கு அனுப்ப வேண்டிய கருவிக்கு, இந்த எண் வடிவமைப்பின் முதல் நாளிலேயே தாளில் இருக்க வேண்டிய ஒன்று.

காகிதத்தில் அழகாக இருக்கும் உருளை, பட்டறை மேசையில் முரண்டு பிடிக்கும். ஒரே பெட்டியில் வந்த காந்தத் துண்டுகளிலேயே வலிமை ஓரிரு விழுக்காடு வேறுபடும், காந்தத் திசை ஓரிரு பாகை சாய்ந்திருக்கும். எனவே முதலில் ஒவ்வொரு துண்டையும், காந்தப் புலத்தை அளக்கும் ஹால் உணரியின் முன் ஒரே நிலையில் வைத்து அளந்து, மார்க்கர் பேனாவால் எண்ணிட்டு, வலுவானதும் வலுக்குறைந்ததும் எதிரெதிரே வரும்படி தட்டில் வரிசைப்படுத்துவார்கள். அடுக்கத் தொடங்கினால், ஹால்பாக் ஒழுங்கில் பக்கத்துத் துண்டுகள் தாமாகச் சேர விரும்பாதவை. ஒன்றைப் பொருத்தி அடுத்ததைக் கொண்டுவரும்போது முதலாவது துள்ளித் திரும்பி, பாய்ந்து ஒட்டிக்கொண்டு, ஓரம் சிதறிவிடும். நியோடிமியம் காந்தம் இரும்பைப் போன்ற உலோகத் தோற்றம் கொண்டிருந்தாலும் பீங்கான் அளவுக்கு நொறுங்கக் கூடியது. அலுமினியத்திலோ பித்தளையிலோ செய்த சட்டத்துக்குள் ஒவ்வொரு துண்டையும் திருகால் மெல்ல மெல்லத் தள்ளி, பசை இறுகும்வரை பிடித்து வைக்க வேண்டும். கடைசித் துண்டு உள்ளே போகும்போது திருகு கையில் அதிர்வதை உணரலாம். முடிந்தபின் உட்குழலில் உணரியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் புலத்தின் வரைபடத்தை எடுத்து, குறையுள்ள இடங்களில் சிறு காந்தத் துணுக்குகளை ஒட்டிச் சரிசெய்வது தனி வேலை.

இவ்வளவையும் கச்சிதமாகச் செய்தாலும், வெப்பம் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடலாம். நியோடிமியம் காந்தத்தின் தேக்குத்திறன், வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 0.11 விழுக்காடு குறைகிறது. கேட்க மிகச் சிறியதாகத் தோன்றும் இந்த எண்ணை அதிர்வெண்ணாக மாற்றிப் பார்க்க வேண்டும். 0.5 டெஸ்லாப் புலத்தில் புரோட்டானின் அதிர்வெண் 21.3 மெகாஹெர்ட்ஸ், ஒரு பாகை மாற்றத்துக்கு அது 23 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. சமிக்ஞையைப் பிடிக்கும் சுருள் சுமார் 400 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைக்குள்தான் நன்றாகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், நடுவில் இசைவித்த கருவி 10 பாகை ஏற்றத்தில் அந்தப் பட்டையின் விளிம்பைத் தாண்டிவிடும். குளிர்சாதன ஆய்வுக்கூடத்தில் பிழையின்றி வேலை செய்து, நண்பகலில் தோட்டக் கிளினிக்கின் வராந்தாவில் மௌனமாகிவிடும் கருவிக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்குச் சொல்லப்படும் தீர்வுகளில் முதலாவது, காந்தத்தை ஒரு நிலையான வெப்பநிலையில் வைத்திருப்பது. குளிர் நாட்டில் வடிவமைப்பவருக்கு 28 பாகை என்று வைத்துச் சிறு சூடேற்றியைப் பொருத்தினால் வேலை முடிந்தது. ஆனால் சூடேற்றி சூடேற்ற மட்டுமே அறியும். பகலில் 33 பாகைக்குப் போகும் ஊரில், பெட்டிக்குள் மின்னணுவின் வெப்பமும் சேரும்போது, 28 பாகைக்குக் குளிர்விக்கும் சாதனம் வேண்டும். அதற்குப் பேட்டரி தாங்காது. ஆகவே நம் ஊருக்கான இலக்கு 38 அல்லது 40 பாகைக்கு மேலே போய்விடுகிறது. இரத்த மாதிரியோ 37 பாகைக்கு மேல் நெடுநேரம் இருக்கக் கூடாது, எனவே மாதிரிக்கும் காந்தத்துக்கும் இடையில் வெப்பத் தடுப்பு தேவைப்படுகிறது. ஒரு கிலோகிராம் நியோடிமியம் காந்தத்தை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 450 ஜூல் ஆகும் என்பதால், 5 வாட் சூடேற்றியால் 10 பாகை உயர்த்துவதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். காந்தத்தின் ஒரு பக்கம் மட்டும் சூடாகிவிட்டால் புலமும் ஒரு பக்கமாகச் சாயும் என்பதால் அவசரப்படவும் முடியாது. காந்தத்தின் எடையைக் குறைப்பதன் பலன் தூக்குவதில் மட்டுமன்றி, காலையில் கருவி விழித்தெழும் நேரத்திலும் தெரியும்.

இரண்டாவது வழி பொருளையே மாற்றுவது. சமாரியம்–கோபால்ட் காந்தம் ஒரு பாகைக்கு 0.03 முதல் 0.04 விழுக்காடுதான் நழுவும், துருவும் எளிதில் ஏறாது. வலிமையோ குறைவு, விலையோ மிகுதி, நொறுங்குவதிலும் நியோடிமியத்துக்கு அண்ணன். மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: காந்தத்தை அதன் போக்கில் நழுவ விட்டு, ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் மின்னணுவே புரோட்டானின் அதிர்வெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துச் சுருளையும் அதற்கேற்ப இசைவித்துக்கொள்வது. சிப் மலிவாகிவிட்ட காலத்தில், இரும்பிலும், நியோடிமியம், சமாரியம் போன்ற அரிய மண் தனிமங்களிலும் தேடிய நிலைத்தன்மையை மென்பொருளில் தேடுவது நியாயமான பேரம். ஆயினும் தளர்வு நேரமே மாதிரியின் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதால், மாதிரியின் வெப்பக் கட்டுப்பாட்டை இதனால் கைவிட்டுவிட முடியாது.

நழுவிய புலம், வெப்பம் தணிந்ததும் திரும்ப வந்துவிடும். வராத இழப்பும் ஒன்று உண்டு. சாதாரணத் தர நியோடிமியம் காந்தங்களுக்குச் சொல்லப்படும் உச்ச வெப்பநிலை 80 பாகை என்றாலும், ஹால்பாக் உருளையில் சில துண்டுகளின் உள்விளிம்பு மற்றத் துண்டுகளின் எதிர்ப்புலத்தை நேரடியாகத் தாங்கி நிற்பதால், அங்கே காந்தநீக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிடலாம். வெயிலில் நிறுத்திய காரின் பூட்டிய பின்பெட்டியில் ஒரு பிற்பகல் கிடந்தால் போதும், கருவியின் புலம் நிரந்தரமாகக் கொஞ்சம் இறங்கிவிடும் வாய்ப்பு உண்டு. அதைத் தவிர்க்க, டிஸ்புரோசியம் என்ற இன்னோர் அரிய மண் தனிமத்தைச் சேர்த்து, காந்தநீக்கத்தை எதிர்க்கும் திறனை உயர்த்திய தரங்களை அந்தத் துண்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். ஈரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 20 பாகை அறையில் குளிர்ந்திருந்த பெட்டியைப் பினாங்கின் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் காந்தத்தின் மேல் பனி பூத்து நீர் கோக்கும். நிக்கல் பூச்சில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பூச்சைப் பிளந்துகொண்டு வரும்.

படமெடுக்கும் வேலையைச் சுருக்கமாகத் தொட்டால் போதும், ஏனெனில் அது வேறு அளவிலான பொறியியல். தலையை உள்ளே வைக்கும் அளவுக்குப் பெரிய வெற்றிடத்தில் சீரான புலம் வேண்டுமென்றால் வலிமையைத் தாராளமாக விட்டுக்கொடுக்க வேண்டும். 2020இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின், சக்கரங்களில் நகரும் எம்.ஆர்.ஐ. படக்கருவி 0.064 டெஸ்லாவில் இயங்குகிறது; சுவரில் உள்ள சாதாரண மின்செருகியே அதற்குப் போதும், எடையோ 600 கிலோகிராமைத் தாண்டும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தார், கிட்டத்தட்ட 3000 சிறு கனசதுரக் காந்தங்களை வளைய வளையமாக அடுக்கி 0.05 டெஸ்லா ஹால்பாக் கருவியைச் செய்து, அதன் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்து, உகாண்டாவின் ம்பராரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கேயே ஒன்றைக் கட்டினர். மூளையில் நீர் கோத்த குழந்தைகளைப் பார்ப்பதுதான் அவர்களின் நோக்கம் என்பதால், 1.5 டெஸ்லாவின் நுண்விவரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தேவையைக் கூர்மையாக வரையறுத்தவர்கள் காந்தத்தை எவ்வளவு சிக்கனமாக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாத்தோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கினர். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிய மண் தனிமங்கள். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்துத் தாதுவிலிருந்து அவற்றைப் பிரிக்கும் லைனஸ் நிறுவனத்தின் ஆலை, 2012 முதல் பகாங்கின் கெபெங்கில் இயங்கி வருகிறது. அதன் கதிரியக்கக் கழிவைப் பற்றிய சர்ச்சை மலேசியர்களுக்கு நன்கு பழக்கமானது. 2025இல் அங்கே டிஸ்புரோசியம் ஆக்சைடும் பிரிக்கப்பட்டது. ஆனால் ஆக்சைடு உலோகமாகி, உலோகம் பொடியாகி, பொடி அழுத்தி வேகவைக்கப்பட்டுக் காந்தமாகும் வேலையின் பெரும்பகுதி சீனாவில் நடக்கிறது. 2025 ஏப்ரலில் சமாரியம், டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியபோது, வெப்பத்தைத் தாங்கும் தரங்களே முதலில் சிக்கலுக்கு உள்ளாயின. வெப்ப நாட்டுக் கருவிக்கு எந்தத் தரம் வேண்டுமோ அந்தத் தரத்தின் வரத்துதான் நிச்சயமற்றது என்பதால், டிஸ்புரோசியத்தைக் குறைவாகப் பயன்படுத்தும் வடிவமைப்பை அறிவியல் ஆர்வத்துக்காக மட்டுமன்றிக் கொள்முதல் காரணத்துக்காகவும் தேட வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் இத்தகைய கருவியை விற்க, 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி மருத்துவச் சாதன ஆணையத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கான ஆவணங்களில் காந்தத்தின் வலிமைக்கு ஓரிரு வரி போதும். அளவீடு எந்த வெப்பநிலை எல்லைக்குள் நம்பத்தக்கது, கீழே விழுந்தால் என்னவாகும், ஓராண்டுக்குப் பின் புலம் எவ்வளவு இறங்கியிருக்கும் என்பவற்றுக்கே பக்கங்கள் தேவைப்படும். துகளை இழுக்கும் வகைக் கருவிகள் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறும், ஏனெனில் காந்தம் இரண்டு விழுக்காடு வலுவிழந்தாலும் துகள் வந்து சேர்ந்துவிடும். தளர்வு நேரத்தை அளப்பவை அப்படியல்ல. அவற்றுக்கு, சிறிதளவு காப்பர் சல்ஃபேட் கலந்த நீரை அடைத்து முத்திரையிட்ட ஒப்பீட்டுக் குழாய் ஒன்று கருவியோடு சேர்ந்தே போக வேண்டும். கிளினிக்கின் தாதி தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் அதை உள்ளே வைத்து, வரும் எண் அட்டையில் அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, மீறியிருந்தால் அன்றைக்குக் கருவியை ஒதுக்கிவைத்துவிட்டு மாதிரிகளை மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.